பல் மருத்துவத் தேர்வும் நூல் தேர்வும்

தேர்வு என்னும் சொல் தமிழில் இரண்டு வேலை செய்கிறது. பரீட்சையும் தேர்வுதான், பலவற்றுள் வேண்டியதைத் தெரிந்தெடுப்பதும் தேர்வுதான். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த இரட்டைப் பொருள் அலுவலகத்தில் பலமுறை தொல்லை கொடுத்ததுண்டு. ஆனால் முதல் தேர்வில் வெல்வதற்கு இரண்டாம் தேர்வைச் செம்மையாகச் செய்தாக வேண்டும் என்பதை நாம் கண்கூடாக அறிந்தது சென்ற மழைக்காலத்தில், பத்துபஸ்தியில் நம் அண்டை வீட்டு முன்றிலில்தான்.

நேயர்களுள் பலர் பத்துபஸ்தியைக் கேள்வியுற்றிருக்கமாட்டார்கள். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரைச் சார்ந்த குடியிருப்பு அது. அந்தமான் தீவுகளில் பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. பல் மருத்துவம் பயில விரும்பும் நம் பிள்ளைகள் தாய்நிலத்துக்கு, அதாவது தீவில் எல்லாரும் சொல்வதுபோல் ‘மெயின்லாண்டு’க்கு, செல்ல வேண்டும். நம் அண்டை வீட்டுப் பெண்ணும் அவ்வாறே தமிழ்நாட்டில் நான்காண்டுப் படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் முடித்துப் பி.டி.எஸ். பட்டத்துடன் திரும்பி வந்தாள். மேற்படிப்பாகிய எம்.டி.எஸ். சேர்வதற்குரிய நுழைவுத் தேர்வை ஒருமுறை எழுதினாள். கிடைத்த தரவரிசை அவள் விரும்பிய துறைக்குப் போதவில்லை. மீண்டும் எழுதுவது என்று முடிவாயிற்று. பெருநகரத்தில் தங்கிப் பயிற்சி நிலையத்தில் சேரும் வசதி அக்குடும்பத்துக்கு இல்லை. வீட்டிலிருந்தே படிக்கலாம், அதற்கு நூல்களாவது குறைவின்றி இருக்கட்டும் என்று தந்தையார் கருதினார். அவர் கடனும் பெற்று வாங்கிய நூல்கள் மூன்று அட்டைப் பெட்டிகளில் சென்னையிலிருந்து கப்பலில் வந்து இறங்கின. எண்ணிப் பார்த்தோம்; இருபத்தேழு.

“சார், நீங்கள் புத்தகத்தோடு பழகியவர். எதை முதலில் படிப்பது என்று இவளுக்குத் தெரியவில்லை. சற்றுப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார் தந்தையார். நாம் கலைப் பட்டதாரி. நமக்கும் பல் மருத்துவத்துக்கும் உள்ள உறவு வலி வந்தபோது நாற்காலியில் வாய் திறந்து அமர்ந்ததோடு சரி. எனினும் நூலின் பதிப்பாண்டைப் பார்ப்பது, இரண்டு நூல்களை ஒப்பிடுவது, ஒரு கூற்று எங்கிருந்து வந்தது என்று தேடுவது ஆகியவை நம் அன்றாடத் தொழில். பாடத்தை அவள் அறிவாள். நூலை நாம் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டோம். அந்த ஒரு மாதத்தில் நாம் அறிந்தவற்றையே இங்கே கூறப் புகுகிறோம். வேற்று மாநிலங்களில் வாழ்ந்து, அருகில் ஆசிரியரோ மூத்த மாணவரோ இல்லாத நிலையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவை பயன்படக்கூடும்.

நூலைத் தொடுமுன் தேர்வு இன்னதென்று தெளிதல் வேண்டும். ‘போர்டு பரீட்சை’ என்றால் நம் வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நினைவுக்கு வரும். அமெரிக்காவில் பல் மருத்துவ மாணவர் ‘போர்டு’ என்று சொல்வது, தொழில் உரிமம் பெறுவதற்கு எழுதும் நாடளாவிய தேர்வை. அங்கே முன்பு இரு பகுதிகளாக நடந்துவந்த தேர்வு, 2020-லும் 2022-லுமாக முடிவுற்று, ஒருங்கிணைந்த ஒரே தேர்வாகிவிட்டது. இரண்டு நாள்களில் 500 வினாக்கள். தேர்ச்சி அல்லது தோல்வி என்பதே முடிவு. நம் நாட்டில் எம்.டி.எஸ். படிப்புக்கான நீட் தேர்வை நடத்துவது தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம். பெயரில் இங்கும் வாரியம், அதாவது போர்டு, உண்டு. ஆனால் இது தேர்ச்சியைக் காட்டிலும் தரவரிசையைப் பொறுத்தது. ஒருவர் எவ்வளவு அறிந்தார் என்பதைவிட, மற்றவரைவிட எவ்வளவு கூடுதலாக அறிந்தார் என்பதே இங்கு இடத்தைத் தீர்மானிக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி நூல் வாங்குவோர் உண்டு. அப்பெட்டிகளிலும் அமெரிக்கத் தேர்வுக்கென ஆக்கப்பட்ட தொகுதிகள் இரண்டு இருந்தன. அவற்றைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

நீட் எம்.டி.எஸ். தேர்வில் 240 வினாக்கள்; மூன்று மணி நேரம். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும். விடாது விட்டால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் முதற்பகுதியில் 100 வினாக்களும் இரண்டாம் பகுதியில் 140 வினாக்களும் இருந்தன. முதற்பகுதி உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், நோய்க்குறியியல், மருந்தியல், பல் மருத்துவப் பொருள்கள் முதலிய அடிப்படைப் பாடங்கள். இரண்டாவது நோயாளியிடம் செய்யும் சிகிச்சை சார்ந்த பாடங்கள். ஒரு பகுதிக்குரிய நேரம் முடிந்தால் அதற்குத் திரும்பிச் செல்ல இயலாது.

கணக்கிட்டால் வினா ஒன்றுக்குக் கிடைப்பது 45 விநாடி. இனி அந்தக் கழித்தல் மதிப்பெண்ணையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இதனைப் பலர் செய்வதில்லை. ஒன்றுமறியாமல் நான்கு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 4 வரும். மூன்று தவறாகி 3 போகும். மிஞ்சுவது நான்கு வினாவுக்கு 1. அதே மாணவி, தவறென்று உறுதியாகத் தெரிந்த இரண்டு விடைகளை நீக்கிவிட்டு எஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறித்தால், நான்கு வினாக்களில் இரண்டு சரியாகி 8 வரும்; இரண்டு தவறாகி 2 போகும்; மிச்சம் 6. ஒன்றுக்கும் ஆறுக்கும் உள்ள இந்த இடைவெளியே தரவரிசையில் ஆயிரக்கணக்கானோரை முன்பின்னாக மாற்றிவிடுகிறது. ஆகவே ஒரு வினாவுக்குச் சரியான விடை ‘இ’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடும் நூல் அரைப் பயனே தரும். மற்ற மூன்றும் ஏன் பொருந்தா என்று விளக்கும் நூலே தேர்வுக் கூடத்தில் துணைக்கு வரும். அப்பெட்டியிலிருந்த வினா விடைத் தொகுப்புகளுள் பாதியை இந்த ஒரே உரைகல்லில் உரைத்து ஒதுக்கிவிட்டோம்.

எஞ்சியவை பாடநூல்கள். இவற்றின் வரலாறு சுவையானது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைக் கல்கத்தாவில் 1920-இல் நிறுவியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பியவர். கல்லூரி நடத்தப் பணம் வேண்டி, நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்னும் பெயரில் கல்கத்தாவில் ஐஸ்கிரீம் கடை நடத்தினார் என்பர். பல்லைக் கெடுப்பதாகப் பெற்றோர் குறை கூறும் பண்டத்தை விற்றுப் பல்லைக் காக்கும் கல்லூரியை வளர்த்தார்! அவர் 1928-இல் மாணவர்க்கென ஒரு கையேட்டையும் தாமே எழுதி வெளியிட வேண்டியிருந்தது. அன்று நூல் இல்லாமை குறை. இன்று நூல் மிகுதியே குறையாகிவிட்டது.

நம் மாணவர் இன்று பயிலும் பெருநூல்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் தோன்றியவை. பல்லின் புற அமைப்புக்கு வீலர், வாய்த் திசுவியலுக்கு ஆர்பன், வாய் நோய்க்குறியியலுக்கு ஷேஃபர், வேர்க்குழாய்ச் சிகிச்சைக்குக் கிராஸ்மன், ஈறு நோய்களுக்குக் கரான்சா, பல் மருத்துவப் பொருள்களுக்கு ஃபிலிப்ஸ் என்று ஆசிரியர் பெயராலேயே நூலைச் சுட்டுவது அத்துறையின் வழக்கம். தொல்காப்பியர், நன்னூலார் என்று நாம் சொல்வது போன்றதே அது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நன்னூல் மாறாது, இவை மாறிக்கொண்டே வரும். ஷேஃபரின் நூல் 1958-இல் முதலில் வெளிவந்தது. கரான்சா என்று இன்று வழங்குவது 1953-இல் கிளிக்மன் எழுதிய நூலின் வழித்தோன்றல். மூல ஆசிரியர் மறைந்த பின்னும் பிறர் திருத்தியும் கூட்டியும் பதிப்பிக்கின்றனர். ஷேஃபர், கிராஸ்மன், ஆர்பன் ஆகியவற்றின் அண்மைப் பதிப்புகளை இந்தியப் பேராசிரியர்களே செப்பனிட்டிருக்கின்றனர். அவர்களுள் சென்னையில் பணியாற்றியோரும் உளர். ஆகவே அட்டையிலுள்ள பெயரைப் பார்த்து நூலை வாங்குவது போதாது. உட்பக்கத்திலுள்ள ஆண்டைப் பார்க்க வேண்டும்.

ஆண்டு ஏன் இத்துணை முக்கியம் என்று வினவலாம். தாடையெலும்பில் பல் தோன்றும் இழையத்திலிருந்து உண்டாகும் ஒருவகை நீர்க்கட்டி உண்டு. கெரட்டோசிஸ்ட் என்பது அதன் பெயர். 1956-இல் டென்மார்க்கு அறிஞர் பிலிப்சன் இட்டது. நீக்கிய பின்னும் மீண்டும் மீண்டும் வளரும் இயல்பினது. அதனால் 2005-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதனை நீர்க்கட்டி என்பதிலிருந்து மாற்றிக் கழலை இனத்தில் சேர்த்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2017-இல், அதே நிறுவனத்தின் அடுத்த வகைப்பாடு அதனைத் திரும்பவும் நீர்க்கட்டியாக்கிற்று. இப்பொழுது பாருங்கள்: 1995-ஆம் ஆண்டு நூலைப் படித்தவர் நீர்க்கட்டி என்பார், 2010-ஆம் ஆண்டு நூலைப் படித்தவர் கழலை என்பார், 2020-ஆம் ஆண்டு நூலைப் படித்தவர் நீர்க்கட்டி என்பார். மூவரும் தத்தம் நூலுக்கு உண்மையானவரே. நடுவிலுள்ளவர் மட்டும் மதிப்பெண் இழப்பார். விந்தை என்னவெனில், மிகப் பழைய நூலை வைத்திருந்தவர் தப்பித்துக்கொள்வார்!

ஈறு நோய்களின் கதையும் இத்தகையதே. 1999-ஆம் ஆண்டு வகைப்பாடு நாட்பட்ட வகை, தீவிர வகை என்று பிரித்துக் கூறியது. 2017-இல் சிகாகோவில் கூடிய உலகக் கருத்தரங்கு அப்பிரிவினையைக் கைவிட்டது. நோயின் கடுமையை நான்கு நிலைகளாகவும் அது முன்னேறும் வேகத்தை மூன்று தரங்களாகவும் கணிக்கும் முறையை வகுத்தது. அது 2018-இல் அச்சில் வந்தது. அதற்கு முந்திய கரான்சா பதிப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அவ்வதிகாரத்துக்கு உதவாது.

மற்றொன்று நோயாளியின் நலத்தையே தொடுவது. இதயக் கோளாறு உடைய சிலருக்குப் பல் பிடுங்குமுன் இதய உட்சவ்வில் கிருமி தொற்றாமலிருக்க மருந்து கொடுப்பது வழக்கம். பெனிசிலின் ஒவ்வாதவர்க்குக் கிளிண்டமைசின் என்னும் மாற்று மருந்தை அமெரிக்க இதயக் கழகம் 2007-இல் கூறியிருந்தது. 2021-இல் அதனைப் பரிந்துரையிலிருந்து நீக்கிவிட்டது. பழைய தொகுப்புகள் பலவற்றில் அதுவே இன்றும் சரியான விடையாக அச்சிட்டிருக்கும்.

இதனால் எல்லா நூலும் புதியதாகவே இருக்க வேண்டும் என்று கொள்ளற்க. மனிதனுக்கு நிலைத்த பற்கள் 32, பாற்பற்கள் 20. முதல் நிலைக் கடைவாய்ப்பல் ஏறக்குறைய ஆறு வயதில் முளைக்கும். இவை எந்தப் பதிப்பிலும் மாறா. பல்லில் விழும் சொத்தையின் இடத்தைக் கொண்டு ஜி.வி. பிளாக் 1908-இல் செய்த வகுப்பு முறை இன்றும் வினாவாக வருகிறது. பல்லமைப்பு, திசுவியல், உடற்கூறு ஆகியவற்றுக்கு மூத்த மாணவர் படித்துவிட்டு வைத்த பழைய நூலே போதும். வகைப்பாடும் மருந்தும் மாறும் துறைகளுக்கு மட்டும் புதிய பதிப்பு வேண்டும். அவ்வாறு பிரித்துப் பார்த்ததில், அத்தந்தையார் செலவிட்ட பணத்தில் பாதியளவு மிஞ்சியிருக்கும் என்று தோன்றிற்று. அதனை அவரிடம் நாம் சொல்லவில்லை.

பெட்டி ஒன்றில் ‘முழுத் தொகுதி’ என்று விளம்பரம் செய்து விற்கப்பட்ட பழைய நூல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் அட்டை புத்தம் புதிது. உள்ளே திருப்பினால் பத்தாண்டுக்கு முந்திய பதிப்பு. பதிப்பாண்டு இருந்த பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. விற்றவருக்கு எழுதியும் விடை வரவில்லை. தீவில் இருப்பவர் நூலைப் புரட்டிப் பார்த்து வாங்க முடிவதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலுக்கு அப்பாலிருந்து பெயரைச் சொல்லி வரவழைக்கிறோம். ஆகவே பணம் அனுப்புமுன், பதிப்பாண்டு உள்ள பக்கத்தை நிழற்படம் எடுத்து அனுப்பச் சொல்வது ஒரு வழி. நேர்மையான வணிகர் அதற்கு மறுக்கமாட்டார். பின்னர் வந்த நூலை ஈரத்திலிருந்து காப்பது வேறு வேலை. ஆண்டில் ஏழெட்டு மாதம் மழை பெய்யும் இவ்வூரில் பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நிறப்படங்கள் நிறைந்த நோய்க்குறியியல் நூலுக்கே அந்தக் கதி முதலில் நேர்கிறது.

இனி அமெரிக்கத் தொகுதிகள். அச்சும் விளக்கமும் நேர்த்தியாக இருந்தன. ஒரு நோயாளியின் வயது, முறையீடு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைத் தந்து, என்ன செய்வாய் என்று வினவும் முறையும் சிந்தனைக்கு நல்ல பயிற்சி. ஆயினும் நம் பெண் அவற்றில் ஒரு பயிற்சியை எழுதியபோது தனக்கு நன்கு தெரிந்த வினாக்களிலேயே பிழை செய்தாள். காரணம் பல்லின் எண்! நம் நாட்டில் பெரிதும் வழங்குவது இரட்டை இலக்க முறை. வாயை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, முதல் இலக்கத்தால் பகுதியையும் இரண்டாம் இலக்கத்தால் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிப்பர். 16 என்றால் மேல் வலப் பகுதியில் ஆறாவது பல், அதாவது முதல் கடைவாய்ப்பல். அமெரிக்கர் மேல் வலக் கடைசிப் பல்லிலிருந்து தொடங்கி 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணிச் செல்வர். அங்கே 16 என்பது மேல் இடப்புறத்துக் கடைசி ஞானப்பல். நம்முடைய 16 அவர்களுக்கு 3. ஒரே எண், வாயின் இரு பக்கம். மொழிபெயர்ப்பில் இத்தகைய சொற்களைப் ‘பொய் நண்பர்’ என்று எங்கள் தொழிலில் சொல்வதுண்டு. எண்ணிலும் பொய் நண்பர் இருப்பதை அன்றுதான் கண்டோம்.

எண்ணாவது கற்றுக்கொண்டால் தீரும். ஆழமான வேறுபாடு, ஒவ்வொரு நாடும் தன் மக்களின் நோயையே முதன்மையாக வினவுகிறது என்பது. அமெரிக்காவின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் 1945-இல் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கத் தொடங்கினர், சொத்தை குறைந்தது. அவர்கள் நூல்களில் ஃபுளோரைடு எவ்வளவு சேர்ப்பது என்பது பெரிய அதிகாரம். நம் நாட்டிலோ நிலத்தடி நீரில் அது மிகுந்து பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் கோளாறும் உண்டாகும் மாவட்டங்கள் பல. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களைத் தமிழர் அறிவர். ஆகவே நம் மாணவர் அறிய வேண்டியது எவ்வாறு நீக்குவது என்பதையும். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரம், சுண்ணாம்பு, வெளுப்புத்தூள் ஆகியவற்றை நீரில் இட்டுக் கலக்கி, படியவைத்து, வடிகட்டுவர். இந்த நான்கு வரி அமெரிக்கத் தொகுதிகளில் இல்லை. சோபென் பீட்டர் எழுதிய சமுதாயப் பல் மருத்துவ நூல் போன்ற இந்திய நூலில்தான் அதனைப் பெற வேண்டும்.

பாக்கும் அவ்வாறே. அந்தமானில் தென்னைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது கமுகு. பாக்கு மெல்லுவோர் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாய் திறக்கும் அளவு சிறுகச் சிறுகக் குறையும் நோய் வருகிறது. இதனை முதலில் 1952-இல் விவரித்த ஷ்வார்ட்ஸ் என்பவர் கண்டது கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடத்தில். புலம்பெயர்ந்தோர் மூட்டையில் வழக்கமும் சென்றது, நோயும் சென்றது. பாக்குத் தானே புற்றுநோய்க்குக் காரணமாவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நம் நாட்டுத் தேர்வுக்குப் படிப்பவர் இந்நோயின் நிலைகளை விரிவாகவே அறிந்திருத்தல் வேண்டும்.

சென்ற ஆண்டுகளின் வினாக்கள் என்று விற்கப்படும் தொகுப்புகளைப் பற்றி ஒரு சொல். வாரியம் தன் வினாத்தாள்களை நூலாக வெளியிடுவதில்லை. தேர்வர்களும் அவற்றை வெளியிடலாகாது என்னும் உறுதிமொழிக்கு உட்பட்டவர்கள். ஆகவே சந்தையில் உள்ளவை பெரும்பாலும் தேர்வெழுதியோர் நினைவிலிருந்து திரட்டியவை. வினாவின் சொல் மாறியிருக்கும். நான்காம் விடை மறந்துபோயிருக்கும். தொகுத்தவர் குறித்த விடையும் பிழையாகலாம். ஒரே வினாவுக்கு மூன்று தொகுப்புகளில் மூன்று விடைகளை நம் பெண் காட்டினாள். முதல் முறை தேர்வெழுதியபோது அவள் ஏழு தொகுப்புகளை மனப்பாடம் செய்திருந்தாள் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. இவை பயனற்றவை என்று சொல்லமாட்டோம். எந்தப் பகுதியிலிருந்து அடிக்கடி வினா எழுகிறது என்று திசை காட்டும். திசை காட்டும் பலகையையே ஊராகக் கொள்ளக்கூடாது, அவ்வளவே. ஏழில் ஒன்றை வைத்துக்கொண்டோம். அதில் விடை ஐயமானால் பாடநூலின் எந்தப் பக்கத்தில் தீர்ந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொன்னோம். ஒரு மாதத்தில் அந்தத் தொகுப்பின் ஓரங்கள் அவளுக்கே உரிய ஒரு நூலாகிவிட்டன.

வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடும் தகவல் கையேட்டையும் மாதிரித் தேர்வையும் காசு கொடாமல் பெறலாம். பாடத்திட்டமும் நேரப் பிரிவும் ஆண்டுதோறும் அதிலேயே உறுதியாகின்றன. இருபத்தேழு நூல் வாங்கிய வீட்டில் அதன் அச்சுப்படி ஒன்று இல்லை! அதனையே முதலில் எடுத்துச் சுவரில் ஒட்டினோம். 2023-இல் இயற்றப்பெற்ற தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் இறுதியாண்டுக்குப் பொதுத் தேர்வு ஒன்றையும் வகுத்திருக்கிறது. இப்போது கல்லூரியில் நுழையும் பிள்ளைகள் தமக்குரிய தேர்வு எது என்பதை அவ்வப்போதைய அறிவிப்பைக் கண்டு தெளிந்த பிறகே நூல் வாங்குதல் நலம்.

காணொளிப் பாடங்கள் தீவுக்குப் புதிது. 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பி தொடங்கி வைக்கப்படுமுன், செயற்கைக்கோள் வழியாக வந்த இணையத்தில் ஒரு படம் தோன்றுவதற்குள் தேநீர் ஆறிவிடும். இன்று அந்தத் தடை இல்லை. ஆனால் ஆறு மணி நேரம் பாடம் கேட்டவர் ஆறு மணி நேரம் படித்தவராகார். கேட்கும்போது எல்லாம் விளங்குவதாகவே தோன்றும். மறுநாள் தாளும் பென்சிலுமாக அமர்ந்தால்தான் உண்மை தெரியும். பாடநூலில் விளங்காத இடத்துக்கு மட்டும் காணொளி என்று அவளே பின்னர் வரையறுத்துக்கொண்டாள்.

நூல் நல்லதா என்று அறிய ஒரு சோதனை வைத்தோம். நமக்குத் துறையறிவு இல்லாமையே இதற்கு உதவிற்று. ஓர் அதிகாரத்தைப் படித்து, நூலை மூடிவிட்டு, அதனைத் தமிழில் நமக்கும் அவள் தாயாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். எனவே தமிழில் சொல்ல முடியாது என்னும் சாக்குச் செல்லாது என்றோம். அவள் ஆங்கிலக் கலைச்சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, காரண காரியத்தை மட்டும் தமிழில் கூறினாள். சில நூல்களைப் படித்த நாளில் சொல் தடையின்றி வந்தது. சிலவற்றைப் படித்த நாளில் பட்டியலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பின்னவற்றை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குத் திருப்பினோம்.

பாக்கு நோயை அவள் விளக்கிய மாலையில் தாயார் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “விட்டுவிட்டால் வாய் பழையபடி திறக்குமா?” என்று கேட்டார். அவர் மெல்லும் வழக்கமுடையவர். தொகுப்பு நூல் எதிலும் இந்த வினா இல்லை. பெண் ஷேஃபரைத் திறந்து தேடினாள். இறுகிய நார் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்றும், விட்டுவிடுவதே முதற் சிகிச்சை என்றும், புற்றாக மாறக்கூடுமாதலால் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் படித்துச் சொன்னாள். பிறகு விளக்கை அருகில் கொண்டுவரச் சொல்லி, தாயாரின் வாயைத் திறக்கச் செய்து, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே தன் விரல்களை வைத்து அளந்து பார்த்தாள். மூன்று விரல் தாராளமாகச் சென்றது. மறுவாரம் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு இருவரும் சென்று வந்தனர்.

இறுதியில் மேசைமேல் நின்றவை ஒன்பது: பாடநூல் ஆறு, இந்தியச் சமுதாயப் பல் மருத்துவ நூல் ஒன்று, விளக்கத்துடன் கூடிய வினா நூல் ஒன்று, ஓரத்தில் பென்சில் எழுத்து நிறைந்த அந்தப் பழைய தொகுப்பு ஒன்று. பழைய வீலரை யாரிடமிருந்தேனும் இரவல் பெறலாம் என்று எண்ணியிருந்தோம். அவளோடு பயின்ற தோழி ஒருத்தி தன்னுடையதைக் கப்பலில் அனுப்பிவைத்தாள். எஞ்சிய பதினெட்டில் பயன்படக்கூடியவற்றைப் பி.டி.எஸ். முதலாண்டில் சேரவிருக்கும் தீவு மாணவர் ஒருவருக்கென எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆண்டுப் பக்கம் கிழிந்த நூலில் மட்டும், அட்டையின் உட்புறத்தில், அது எந்தப் பதிப்பு என்பதை நம் கையாலேயே எழுதி வைத்தோம்.